செப்டம்பர் 15 இரவுக்கு டெக்கீலா: குவாதலஹாராவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலை நிமித்தம் குவாதலஹாராவுக்குக் குடிவந்த முதல் ஆண்டில், மெக்சிகோவின் சுதந்திர தின இரவுக்கு எங்கள் குடியிருப்பின் மாடித் தளத்தில் கூடும் இருபது பேருக்குப் பானங்கள் தயாரிக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். அன்று மாலை கடைக்குப் போனபோது மது அடுக்குகளின் குறுக்கே மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். பழக்கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிய பழத்தில் புளிப்பே இல்லை. சந்தையில் ஆசையாக வாங்கி வந்த மண்குவளைகளைப் பக்கத்து வீட்டு அம்மையார் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவற்றில் எலுமிச்சைச் சாறு ஊற்றவே கூடாது என்று ஒதுக்கி வைக்கச் சொன்னார். பானங்களைக் கலப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. அதற்கு முந்தைய வேலைகள் ஒவ்வொன்றிலும்தான் தடுமாறினேன். அடுத்தடுத்த ஆண்டுகளில் கற்றுக்கொண்டதை, இந்த ஆண்டு முதன்முறையாக வீட்டில் விருந்து வைக்கப்போகும் உங்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

1. நாளையும் நேரத்தையும் உறுதி செய்யுங்கள்

சுதந்திர தினம் செப்டம்பர் 16. அன்று சட்டப்படி ஊதியத்துடன் கூடிய விடுமுறை. ஆனால் கொண்டாட்டம் முந்தைய நாளான 15ஆம் தேதி இரவிலேயே நடந்துவிடும். அந்த இரவு 11 மணியளவில் மெக்சிகோ நகரத்தில் நாட்டின் அதிபர் தேசிய அரண்மனையின் மாடத்தில் நின்று மணியை அடித்து 'விவா மெஹிகோ' என்று முழங்குவார்; இங்கே குவாதலஹாராவில் ஆளுநர் அரசு மாளிகையிலிருந்து முழங்குவார். இதை 'கிரீத்தோ' என்கிறார்கள். வீட்டு விருந்துகளில் தொலைக்காட்சியைப் பார்த்தபடி எல்லாரும் எழுந்து நின்று சேர்ந்து முழங்குவது வழக்கம். ஆகவே உங்கள் வேலைகள் அனைத்தையும் 11 மணியை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 15ஆம் தேதி சட்டப்படி விடுமுறை நாள் அல்ல என்பதால், மாலை வரை அலுவலகம் இருக்கும் என்றே திட்டமிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் மே 5ஆம் தேதியைச் சுதந்திர தினம் என்று நினைத்துக்கொண்டு வருவதுண்டு. அது பியூப்லா போரின் நினைவு நாள். உள்ளூர் நண்பர்களை அன்று சுதந்திர தின விருந்துக்கு அழைத்தால், வருவார்கள், ஆனால் மனம் வருந்துவார்கள்.

2. மதுவை ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள்

என் முதல் ஆண்டுச் சிக்கலுக்குக் காரணம் இதுதான். தேசிய விழாக்களின்போது சில நகராட்சிகள் மது விற்பனையைக் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு நிறுத்தி வைக்கும். இதை 'லேய் சேக்கா' என்கிறார்கள். உலர்ந்த சட்டம் என்று பொருள். எந்த நகராட்சி, எத்தனை மணி முதல் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். சில ஆண்டுகளில் இருக்கவே இருக்காது. குவாதலஹாரா, சபோபான், த்லாகெபாகெ, தோனலா எல்லாம் ஒரே ஊர் போலத் தோன்றினாலும் தனித்தனி நகராட்சிகள் என்பதையும், சாதாரண நாள்களில்கூட இரவில் மது விற்கும் நேரம் அவற்றுக்குள் வேறுபடலாம் என்பதையும் மறக்காதீர்கள். செப்டம்பர் 8 அல்லது 9ஆம் தேதிக்குள் பாட்டில்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம்.

வாங்கப் போகும்போது கடவுச்சீட்டையோ வதிவிட அட்டையையோ அசலாகவே எடுத்துச் செல்லுங்கள். மது வாங்கும் வயது 18. இளமையாகத் தெரிகிறவர்களிடம் அடையாளம் கேட்பார்கள். கைப்பேசியில் உள்ள படத்தைச் சில காசாளர்கள் ஏற்க மாட்டார்கள்.

3. இடத்துக்கான ஆவணங்கள்

காவல் வாயிலுடன் கூடிய குடியிருப்பு வளாகத்தை இங்கே 'கோத்தோ' என்பார்கள். அதன் பொது மாடித் தளத்தையோ கூடத்தையோ செப்டம்பர் 15க்குப் பிடிக்க வேண்டுமானால் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்திலேயே நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். எங்கள் வளாகத்தில் கேட்டவை இவை: கையொப்பமிட்ட விண்ணப்பம், அடையாள அட்டையின் நகல், பராமரிப்புக் கட்டணம் பாக்கியில்லை என்பதற்கான ரசீது, திருப்பித் தரப்படும் முன்பணம், விருந்தினர் பெயர்ப் பட்டியல். நீங்கள் வாடகைக்கு இருப்பவரானால் வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும் என்று கடைசி நாளில் சொல்லக்கூடும். அதையும் முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ப் பட்டியலில் நம்மவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. பட்டியலில் 'குமார்' என்று எழுதியிருக்கும். வாயிற்காவலர் பார்க்கும் கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முன்னால் நிற்கும். இரண்டும் பொருந்தவில்லை என்று உங்கள் விருந்தினர் வாயிலிலேயே நிற்க நேரிடும். கடவுச்சீட்டில் இருப்பதுபோலவே முழுப் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.

4. பாட்டிலின் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மோசமான டெக்கீலாவை எந்தச் சாறும் காப்பாற்றாது. மறுநாள் தலைவலிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் '100% தெ அகாவே' என்ற சொற்களைத் தேடுங்கள். டெக்கீலா என்பது சட்டப்படி இரண்டு வகை. ஒன்று முழுக்க நீல அகாவே என்னும் கற்றாழை போன்ற செடியின் சர்க்கரையிலிருந்து வடிப்பது. மற்றொன்றில் 49 சதவீதம் வரை கரும்பு போன்ற பிற சர்க்கரைகளைச் சேர்க்கலாம். அதன் சீட்டில் 'டெக்கீலா' என்று மட்டும் இருக்கும், கலப்பு என்ற சொல் எங்கும் இருக்காது. '100%' என்பது அச்சிடப்படவில்லை என்றால் அது இரண்டாம் வகை என்றே கொள்ளுங்கள். 'லிகோர் தெ அகாவே' என்றோ 'தெஸ்திலாதோ தெ அகாவே' என்றோ எழுதிய பாட்டில்களையும் அதே அடுக்கில், அதே வடிவத்தில், குறைந்த விலையில் வைத்திருப்பார்கள். அவை டெக்கீலாவே அல்ல.

அடுத்து 'நோம்' (NOM) என்ற மூன்றெழுத்தையும் அதன் பின்னால் வரும் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். அது எந்த வடிசாலையில் தயாரானது என்பதைக் காட்டும் எண். டெக்கீலா ஒழுங்குமுறை மன்றத்தின் பட்டியலோடு ஒப்பிடலாம். ஒரே எண் பல வணிகப் பெயர்களில் வருவதைக் கண்டு வியக்க வேண்டாம். ஒரு வடிசாலையிலிருந்தே பல நிறுவனங்கள் தயாரித்து வாங்குகின்றன.

மூன்றாவதாக, வரித்துறை ஒட்டும் 'மர்பெத்தெ' என்ற சீட்டு. அதிலுள்ள க்யூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் படித்தால் வரித்துறையின் பக்கம் திறந்து அந்தப் பாட்டிலின் விவரம் வரும். அங்கே காட்டும் பெயரும் உங்கள் கையிலுள்ள பாட்டிலின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். சீட்டு இல்லாத, கிழிந்த, அல்லது வேறு பெயரைக் காட்டும் பாட்டிலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். 2020ஆம் ஆண்டில் மெத்தனால் கலந்த கள்ளச் சாராயத்தால் ஹலிஸ்கோ, பியூப்லா மாநிலங்களில் பலர் உயிரிழந்தார்கள். பெரிய கடைகளில் மட்டும் வாங்குங்கள். தெருவில் யாரோ ஒருவர் பிளாஸ்டிக் கேனில் 'நேரே வடிசாலையிலிருந்து' என்று தருவதைத் தொடாதீர்கள். விருந்து முடிந்ததும் காலிப் பாட்டிலின் சீட்டைக் கிழித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள், அதை யாரும் மீண்டும் நிரப்பி விற்காதபடி.

வகைகளைப் பொறுத்தவரை, 'பிளாங்கோ' பெரும்பாலும் மரப்பீப்பாயில் ஊறாதது. 'ரெபொசாதோ' குறைந்தது இரண்டு மாதம், 'அன்யேஹோ' குறைந்தது ஓராண்டு ஓக் மரத்தில் ஊறியது. கலவைப் பானங்களுக்கு பிளாங்கோவே போதும் என்பதோடு, அதுவே சிறந்தது என்பதும் என் கருத்து. அகாவேயின் பச்சை மணம் எலுமிச்சையையும் மீறித் தெரியும். அன்யேஹோவில் கோலா ஊற்றுவது பணத்தையும் ஒருவரின் ஓராண்டு உழைப்பையும் வீணாக்குவது. தனியாகச் சிறிது சிறிதாக அருந்த விரும்பும் பெரியவர்களுக்காக ஒரு ரெபொசாதோ பாட்டில் இருந்தால் நல்லது. பாட்டிலுக்குள் புழு இருக்குமா என்று யாராவது கேட்பார்கள். அது அகாவேயிலிருந்து வடிக்கும் மற்றொரு மதுவான மெஸ்காலின் சில பாட்டில்களில் காணப்படுவது, டெக்கீலாவில் கிடையாது.

5. எவ்வளவு வாங்குவது, எவ்வளவு ஆகும்

ஒரு பானத்துக்கு 50 மில்லி என்று வைத்தால் 750 மில்லி பாட்டிலில் 15 பானம் வரும். இருபது பேர், தலைக்கு மூன்று என்றால் 60 பானம். நான்கு பாட்டில் போதும். ஒருபோதும் அதற்கு மேல் வாங்க வேண்டாம், மீதி இருந்தால் ஊற்றத்தான் தோன்றும்.

சென்ற முறை எனக்கு ஆன செலவு ஏறக்குறைய இப்படி: நான்கு பாட்டில் 1,400 பெசோ, ஆரஞ்சு மதுச்சாறு (ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது) ஒரு பாட்டில் 200, எலுமிச்சை நான்கு கிலோ 160, மற்றப் பழங்கள் 120, சோடா வகைகள் 200, பனிக்கட்டி ஐந்து கிலோ பை நான்கு 180, மண்குவளை இருபது 500, சங்கிரீத்தா என்னும் காரமான தக்காளிச் சாற்றுக் கலவைக்கான பொருள்கள் 120, மதுவில்லாப் பானங்களுக்கு 150. மொத்தம் 3,030 பெசோ, தலைக்கு சுமார் 150. எலுமிச்சை விலை மட்டும் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். செலவைப் பகிர்ந்துகொள்வதை இங்கே 'கோபெராச்சா' என்பார்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், ஆனால் விருந்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

6. பழம், பனிக்கட்டி, மண்குவளை

இங்கே 'லிமோன்' என்பது நம் ஊர் எலுமிச்சையேதான்; சிறியது, விதையுள்ளது, நல்ல புளிப்பு. விதையில்லாத பெரிய வகையும் கிடைக்கும், அதில் சாறு அதிகம். ஆங்கிலப் பழக்கத்தில் 'லிமா' என்று கேட்டீர்களானால் சாத்துக்குடியைப் போன்ற, புளிப்பற்ற வேறொரு பழத்தைத் தருவார்கள். நான் இரண்டு கிலோ அப்படித்தான் வாங்கினேன். 'தொரோன்ஹா' என்பது கிரேப்ஃப்ரூட். சாற்றை அன்றைய தினமே பிழிய வேண்டும். முந்தைய நாள் பிழிந்தது கசக்கும். நான்கு கிலோவை ஒருவரே பிழிந்தால் கை ஓய்ந்துவிடும், இரண்டு பேரை முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பனிக்கட்டியை 15ஆம் தேதி மதியத்துக்குள் வாங்குங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அக்கம்பக்கத்துக் கடைகளின் பெட்டிகள் காலியாகிவிடுகின்றன.

மண்குவளையில் மிகுந்த கவனம் தேவை. பழைய முறையில் செய்யும் பளபளப்பான மண்பாண்டங்களின் பூச்சில் ஈயம் இருக்கலாம். எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற புளிப்புச் சாறு பட்டால் அந்த ஈயம் கரைந்து பானத்தில் இறங்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கழுவினாலும் போகாது. 'லிப்ரே தெ ப்ளோமோ' என்று எழுதியதை, அதாவது ஈயம் கலவாததை, கேட்டு வாங்குங்கள். அல்லது பூச்சே இல்லாத வெறும் சுட்ட மண் குவளையை வாங்குங்கள். தோனலாவில் வியாழக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கூடும் சந்தையில் விலை நயமாக இருக்கும். பூச்சில்லாத குவளையைப் பயன்படுத்தும் முன் குளிர்ந்த நீரில் ஊறவிட்டால் பானத்தை உறிஞ்சாது. உறுதியில்லாவிட்டால் கண்ணாடிக் குவளையே மேல்.

7. பந்தேரா: 11 மணிக்கு

'பந்தேரா' என்றால் கொடி. மூன்று சிறு குவளைகள்: எலுமிச்சைச் சாறு பச்சைக்கு, பிளாங்கோ டெக்கீலா வெள்ளைக்கு, சங்கிரீத்தா சிவப்புக்கு. மெக்சிகோ கொடியின் வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைத்து, ஒன்றிலிருந்து ஒரு மிடறு, அடுத்ததிலிருந்து ஒரு மிடறு என்று நிதானமாக மாற்றி மாற்றி அருந்த வேண்டும். உப்பை நக்கி, ஒரே மூச்சில் விழுங்கி, எலுமிச்சையைக் கடிக்கும் பழக்கத்தை விருந்தினர்மீது திணிக்காதீர்கள். இங்கே நல்ல டெக்கீலாவை அப்படி நடத்துவதைப் பெரியவர்கள் விரும்புவதில்லை.

சங்கிரீத்தா செய்ய, தக்காளிச் சாறு 500 மில்லி, ஆரஞ்சுச் சாறு 250 மில்லி, எலுமிச்சைச் சாறு 120 மில்லி, இரண்டு மேசைக்கரண்டி மிளகாய்க் குழம்பு, உப்பு ஆகியவற்றைக் கலந்து காலையிலேயே குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். குவாதலஹாராவிலேயே தயாராகும் வலென்தீனா மிளகாய்க் குழம்பு இதற்கு மிகப் பொருத்தம். இந்த அளவு இருபது சிறு குவளைக்குச் சரியாக வரும். சைவ உணவுக்காரர்கள் இருந்தால் இரண்டு பொருள்களைத் தவிர்க்க வேண்டும். பல செய்முறைகளில் சேர்க்கும் 'சல்சா இங்கிலேசா'வில் நெத்திலி வகை மீன் உண்டு; 'கிளமாத்தோ' என்னும் தக்காளிச் சாற்றில் சிப்பிச் சாறு கலந்திருக்கிறது. பெயரைப் பார்த்து இது தெரியவராது.

பத்தே முக்காலுக்குக் குவளைகளை நிரப்பத் தொடங்குங்கள். இருபது பேருக்கு அறுபது குவளை. கால் மணி நேரம் முழுதாகப் பிடிக்கும்.

8. இரவு முழுவதற்குமான பானங்கள்

பாலோமா: வீடுகளில் அதிகம் கேட்பது இதுதான். உயரமான குவளையில் பனிக்கட்டி நிறைத்து, டெக்கீலா 50 மில்லி, ஒரு எலுமிச்சையின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, மேலே தொரோன்ஹா சோடா. சோடாவை முன்கூட்டியே குடுவையில் கலந்து வைக்காதீர்கள், அரை மணியில் குமிழ் போய்விடும்.

காந்தாரீத்தோ: டெக்கீலா நகருக்குப் போகும் வழியில் அமாதித்தானில் சாலையோரமாக மண்குவளையில் தருவார்கள். டெக்கீலா 50 மில்லி, ஆரஞ்சு, தொரோன்ஹா சாறு தலா 30 மில்லி, எலுமிச்சை 20 மில்லி, கல் உப்பு, பனிக்கட்டி, மேலே அதே சோடா. இனிப்பும் புளிப்பும் மதுவின் காரத்தை மறைத்துவிடும் என்பதால், முதன்முறையாகக் குடிப்பவர்கள் இதில்தான் அளவு மீறுகிறார்கள். அளவுக்குவளை இல்லாமல் இதை ஊற்றக் கூடாது.

மார்கரீத்தா: பத்துப் பேருக்கு டெக்கீலா 500 மில்லி, ஆரஞ்சு மதுச்சாறு 200, எலுமிச்சைச் சாறு 150, குளிர்நீர் 150 என்று குடுவையில் கலந்து இரண்டு மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். தனித்தனியாகக் குலுக்கும்போது பனிக்கட்டி கரைந்து சேரும் நீருக்கு ஈடாகத்தான் அந்தக் குளிர்நீர். உப்பைக் குவளை விளிம்பின் பாதிக்கு மட்டும் தடவினால் வேண்டாதவர்கள் மறுபக்கத்தில் அருந்தலாம்.

பதாங்கா: டெக்கீலா நகரின் லா காபியா மதுக்கூடத்தில் பிறந்தது. விளிம்பில் உப்பு, அரை எலுமிச்சை, டெக்கீலா 50 மில்லி, பனிக்கட்டி, கோலா. அங்கே எலுமிச்சையை நறுக்கிய கத்தியாலேயே கலக்கிக் கொடுப்பார்கள். பழச்சாறு தீர்ந்துபோனால் கைகொடுப்பது இதுவே.

9. குடிக்காதவர்களுக்கும் அதே கொடி

நம் கூட்டத்தில் மது தொடாதவர்கள் பலர் இருப்பார்கள். அவர்கள் கையில் வெறும் சோடாவைக் கொடுத்து ஓரமாக உட்கார வைப்பது எனக்கு மனம் ஒப்பாத செயல். இங்கே எல்லா உணவகங்களிலும் கிடைக்கும் 'ஆகுவா ஃப்ரெஸ்கா' என்னும் மதுவில்லாக் குளிர்பானங்களிலேயே மூன்று நிறமும் இருக்கின்றன. எலுமிச்சைச் சாற்றில் சியா விதை ஊறவைத்தது பச்சைக்கு. அரிசியை ஊறவைத்து அரைத்து, பட்டையும் சர்க்கரையும் சேர்த்த ஒர்ச்சாத்தா வெள்ளைக்கு. நம் புளிச்சைச் செடியின் இனத்தைச் சேர்ந்த பூவின் சிவந்த புற இதழ்களைக் கொதிக்க வைத்து வடித்த ஹமைக்கா சிவப்புக்கு. பின்னிரண்டையும் முந்தைய நாளே செய்து வைத்து, எலுமிச்சைப் பானத்தை மட்டும் அன்றே கலந்து, 11 மணிக்கு அதே சிறு குவளைகளில், அதே தட்டில் பரிமாறுங்கள்.

வெறும் வயிற்றில் யாரும் தொடங்கக் கூடாது. எட்டு மணிக்கே பொசோலே சூப்பைக் கொடுத்துவிடுங்கள். வழக்கமாக அதில் பன்றி இறைச்சி அல்லது கோழி இருக்கும். காளானும் பெரிய சோளமணியும் போட்டுத் தனிப் பானையில் சைவமாகவும் செய்யலாம்.

10. வீடு திரும்புவது

ஓட்டுநர்களுக்கான வரம்பு, வெளிவிடும் மூச்சில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம். இரண்டு பானத்திலேயே அதைத் தாண்டிவிட வாய்ப்புண்டு. விழா இரவுகளில் சோதனைச் சாவடிகள் நிச்சயம் இருக்கும். பிடிபட்டால் அபராதத்தோடு முடியாமல் போகலாம், அளவைப் பொறுத்துப் பல மணி நேரக் காவலும் வண்டி இழுத்துச் செல்லப்படுவதும் உண்டு. வண்டிச் சாவிகளை வாசலிலேயே ஒரு கூடையில் வாங்கி வைத்துவிடுங்கள். கிரீத்தோ முடிந்தவுடன் எல்லாரும் ஒரே நேரத்தில் வாடகை வண்டி தேடுவதால் நள்ளிரவில் கட்டணம் இரண்டு மடங்குக்கும் மேல் போவதைக் கண்டிருக்கிறேன். ஒன்றரை மணிக்கு மேல் இறங்கிவிடும். அதுவரை விருந்தினருக்குச் சூடான பொசோலேயும் தண்ணீரும் கொடுத்து உட்கார வையுங்கள். தொலைவிலிருந்து வந்தவர்களுக்கு நான்கு பாய்களும் போர்வைகளும் எடுத்து வையுங்கள். செப்டம்பரில் இங்கே மழைக்காலம் முடிந்திருக்காது, மாடித் தளம் இரவில் குளிரும்.